கதவைத் திறந்து விட்டது யார்? ஓடிவந்த காதலர்களும் தனி வீடும்: ஒரு திரில்லர் வகைக்கு எளிய அறிமுகம்

திசையன்விளையைத் தாண்டி, தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன ஊரில்தான் எங்கள் ஆச்சி வீடு. ஊர் என்று சொன்னாலும் ஆச்சி வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பனங்காடு இருக்கும். ராத்திரி கூப்பிட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சத்தம் போய்ச் சேரும். எனக்குப் பதினோரு வயது. ஆடி மாதம், வெளிச்சம் மங்குகிற நேரம். ஒரு ஆணும் பெண்ணும் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். பஞ்சராம். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

ஆச்சி முதலில் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றபடியே டம்ளரை நீட்டினாள். அந்தப் பெண் அண்ணாந்து குடிக்கும்போது அவள் கழுத்தைப் பார்த்தாள். புது மஞ்சள் கயிறு கிடந்தது. "காத்துல நிக்காதீங்கய்யா, உள்ள வந்து இருங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள். தார்சாவில், அதாவது முன் திண்ணைப் பகுதியில், உட்கார்ந்த அந்த ஆள் பட்டாசல் என்கிற கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல வேற ஆளு யாரும் இல்லையா ஆச்சி?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். ஆச்சி கொஞ்சம் தாமதித்து, "பெரியவன் தோட்டத்துக்குப் போயிருக்கான், இப்ப வந்துருவான்" என்றாள். பெரியவன் என்றால் என் பெரிய மாமா. அவர் அப்போது பம்பாயில் இருந்தார்.

வந்தவர்கள் உவரி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த புதுமணத் தம்பதி. ஆச்சி கையால் சோறு சாப்பிட்டார்கள், பஞ்சர் ஒட்டுகிற பையன் வந்ததும் கிளம்பினார்கள், அடுத்த மாதம் ஒரு சீப்பு பழத்தோடு ஆச்சியைப் பார்க்கவும் வந்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரமும் நான் அரங்கு என்கிற உள் இருட்டறை வாசலில் நின்று ஆச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

தப்பியோடும் காதலர்கள் ஒரு தனி வீட்டுக்குள் புகுந்துகொள்ளும் க்ரைம் திரில்லர் படங்கள் என்று ஒரு வகை உண்டு. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, ஏன் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைக்கிறது என்று யாராவது கேட்டால் நான் ஆச்சி சொன்ன அந்தப் பொய்யில் இருந்துதான் தொடங்குவேன். கதவைத் திறந்துவிட்ட பிறகு, திறந்தவளே பயந்துபோய்ச் சொன்ன பொய் அது. கருணையும் பயமும் ஒரே ஆளிடம், ஒரே நிமிடத்தில். இந்த வகைப் படங்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சரி, முதலில் அடிப்படை. இது இரண்டு பழைய கதைகள் கலந்து உண்டான வகை. ஒன்று, ஊரையும் சட்டத்தையும் விட்டு ஓடுகிற ஜோடியின் கதை. இன்னொன்று, வெளியாள் வீட்டுக்குள் வந்துவிடும் கதை. முதலாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ரோடு, வண்டி, பெட்ரோல், அடுத்த ஊர். இரண்டாவது அசையாது, நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு ராத்திரி. ஓடுகிற கதை நிற்கிற கதையில் வந்து மோதும்போது ஒரு வேகம் முட்டி நின்றுபோகும் இல்லையா, அந்த அழுத்தம்தான் படம் முழுக்க இருக்கும்.

ஓடிப்போகும் காதலர்கள் நமக்குப் புதியவர்களே கிடையாது. சங்கப் பாட்டில் உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது. தலைவி தன் வீட்டை விட்டுத் தலைவனோடு பாலை வழியே நடந்து போவாள், வழியில் கண்டவர்கள் அவர்களைப் பார்த்து இரங்குவார்கள், பின்னால் செவிலித்தாய் தேடிக்கொண்டு வருவாள். அந்தப் பாட்டுகளைப் படிக்கிறவர் மனசு எப்போதும் ஓடுகிறவர்கள் பக்கம்தான். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் நெருக்கமாக வரும். கோவலனும் கண்ணகியும் இருட்டோடு புகாரை விட்டுக் கிளம்புகிறார்கள், மதுரையை அடைகிறார்கள், அங்கே மாதரி என்ற ஆயர்குலத்துப் பெண் தன் பொறுப்பில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறாள். மறுநாளே கோவலன் திருடன் என்று குற்றம் சுமத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். அடைக்கலம் கொடுத்த மாதரி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் இறங்கி உயிரை விடுகிறாள். வீடு கொடுத்தவளுக்கு என்ன ஆனது என்ற கேள்வியை நம் காப்பியம் அன்றைக்கே விடாமல் பின்தொடர்ந்திருக்கிறது. பல திரில்லர் படங்கள் இதைத்தான் மறந்துவிடுகின்றன. போலீஸ் வந்ததும் வீட்டுக்காரரை அம்போ என்று விட்டுவிடுகின்றன.

அமெரிக்காவில் இந்தக் கதை துப்பாக்கியோடு வளர்ந்தது. போனி பார்க்கர், க்ளைட் பாரோ என்ற ஜோடியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் கடைகளையும் பெட்ரோல் பங்குகளையும் வங்கிகளையும் கொள்ளையடித்து, பல உயிர்களைப் பறித்துவிட்டு, 1934 மே 23 அன்று லூசியானாவில் ஒரு கிராமத்துச் சாலையில் போலீஸ் மறைந்திருந்து சுட்டதில் இறந்தார்கள். அவர்கள் இவ்வளவு பிரபலமானதற்கு ஒரு வீடும் காரணம். 1933 ஏப்ரலில் மிசௌரி மாநிலத்தில் ஜாப்லின் என்ற ஊரில் அவர்கள் வாடகைக்குப் பிடித்திருந்த இடத்தைப் போலீஸ் சூழ்ந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். விட்டுப்போன சாமான்களில் கழுவாத ஃபிலிம் சுருள் இருந்தது. போனி சுருட்டைக் கடித்துக்கொண்டு துப்பாக்கியோடு நிற்கிற படம் அதில் இருந்துதான் வந்தது. பத்திரிகைகள் போட்டுத் தள்ளின. அதுவரை குற்றவாளிகளாக இருந்தவர்கள் காதலர்களாகவும் ஆனார்கள். 1967-இல் ஆர்தர் பென் அவர்களைப் பற்றிப் படம் எடுத்த பிறகு அந்த முகங்களை மறக்கவே முடியாமல் போயிற்று.

வீட்டுக்குள் புகும் கதைக்கு சினிமாவின் வயதுதான். 1909-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் எடுத்த 'தி லோன்லி வில்லா' சில நிமிடப் படம். திருடர்கள் தந்திரமாக வீட்டுக்காரரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே மனைவியும் பெண் குழந்தைகளும் கதவுக்குப் பின்னால் மேசையையும் நாற்காலியையும் அண்டக் கொடுத்துவிட்டு நடுங்குகிறார்கள். கணவனோடு டெலிபோனில் பேசும்போதே கம்பி அறுபடுகிறது. கணவன் ஓடி வருவதையும் கதவு உடைவதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். இன்றைக்கு எல்லாப் படத்திலும் பார்க்கிற அந்த மாறி மாறி வெட்டும் உத்தி அங்கே எவ்வளவு தெளிவாக வேலை செய்கிறது என்று பாருங்கள். 1913-இல் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் 'சஸ்பென்ஸ்' எடுத்தார். திரையை முக்கோணமாகப் பிரித்து, தனியாக இருக்கும் மனைவி, அலுவலகத்தில் கணவன், வீட்டுக்குள் நுழைகிற அந்நியன் என்று மூவரையும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டார். பத்து நிமிடப் படம். புதிதாக இந்த வகையைப் பார்க்க ஆரம்பிக்கிறவர் இதில் தொடங்குவது நல்லது, வசனமே கிடையாது என்பதால் கண்ணும் காதும் வேறெங்கும் போகாது.

அப்புறம் 1955-இல் வில்லியம் வைலரின் 'தி டெஸ்பரேட் ஹவர்ஸ்'. ஜெயிலில் இருந்து தப்பிய மூன்று பேர் ஒரு குடும்பத்தின் வீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் காதலர்கள் இல்லை, ஆனால் இந்த வகையின் இலக்கணம் முழுக்க இருக்கிறது. எத்தனையோ வீடு இருக்க அந்த வீட்டை ஏன் பிடித்தார்கள்? வெளியே புல்தரையில் ஒரு சின்னப் பையனின் சைக்கிள் கிடந்தது. பிள்ளை இருக்கிற வீட்டில் பெற்றவர்கள் துணிந்து எதையும் செய்ய மாட்டார்கள் என்ற கணக்கு. ஒரு சைக்கிளை வைத்துக் கொடூரத்தைச் சொல்லிவிட்டார்கள், கத்தி வேண்டியிருக்கவில்லை.

இரண்டு கதைகளும் நிஜத்திலேயே ஒன்றுசேர்ந்த ஒரு சம்பவம் உண்டு. கொஞ்சம் கனமான விஷயம், ஆனால் இதைச் சொல்லாமல் இந்த வகையை விளக்க முடியாது. 1958 ஜனவரி. நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரம். சார்லஸ் ஸ்டார்க்வெதர், வயது 19. கேரில் ஃபுகேட், வயது 14. அவளுடைய தாய், வளர்ப்புத் தந்தை, குழந்தைத் தங்கை மூவரையும் அவன் கொன்ற பிறகு இருவரும் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓடித் திரிந்தார்கள். நடுவே ஒரு தொழிலதிபரின் பெரிய வீட்டுக்குள் புகுந்தார்கள். அந்த வீட்டுக்காரர், அவர் மனைவி, வீட்டு வேலை பார்த்த பெண், மூவரும் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் பக்கத்து மாநிலத்தில் பிடிபட்டார்கள். ஸ்டார்க்வெதருக்கு 1959-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஃபுகேட்டுக்கு ஆயுள் தண்டனை. 1976-இல் பரோலில் வெளியே வந்தார். தான் அவனுடைய கூட்டாளி இல்லை, அவன் பிடித்து வைத்திருந்த பிணைக்கைதி என்றே அவர் சொல்லிவந்தார். நடுவர் குழு நம்பவில்லை.

நான் இந்தச் சம்பவத்தைப் படித்த நாளில் இருந்து இந்த வகைப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் அந்தப் பெண்ணைத்தான் கவனிக்கிறேன். அவள் அவனோடு போகிறாளா, அவனால் கொண்டுபோகப்படுகிறாளா? வீட்டுக்குள் எத்தனை பிணைக்கைதிகள் என்று எண்ணும்போது அவளையும் சேர்த்து எண்ண வேண்டுமா? டெரன்ஸ் மாலிக் 1973-இல் எடுத்த 'பேட்லேண்ட்ஸ்' இந்தச் சம்பவத்தில் இருந்து பிறந்த கற்பனைதான். அதில் கதையே அந்தப் பெண்ணின் குரலில்தான் வருகிறது, அந்தக் குரல் எவ்வளவு அமைதியாக இருக்கிறதோ அவ்வளவு நமக்குள் கலக்கம் கூடுகிறது.

இனி இது எப்படி வேலை செய்கிறது என்று நம்ம ஊர் வீட்டை வைத்தே பார்க்கலாம். கற்பனைதான். ஒரு ஜோடி நாகர்கோவில் பக்கம் ஒரு அடகுக் கடையில் கைவரிசை காட்டிவிட்டு நான்குவழிச் சாலையில் வருகிறது. காவல்கிணறு விலக்கில் போலீஸ் வண்டிகளை நிறுத்துகிறது என்று தெரிந்ததும் உள் ரோட்டில் திரும்பி ராதாபுரம், திசையன்விளை என்று வந்து தேரிக்குள் ஒதுங்குகிறது. வெற்று இடம் என்று நினைத்து எழுதாதீர்கள், தேரி அப்படி இல்லை. இட்டமொழித் தேரியிலும் குதிரைமொழித் தேரியிலும் செம்மண் கடல் மாதிரி அலையலையாகக் கிடக்கும். ஆடிக் காற்றில் மண் நகரும், காலடித் தடத்தை அரை மணி நேரத்தில் அழித்துவிடும். ஓடுகிறவனுக்கு வசதி, தேடுகிறவனுக்குத் தலைவலி. பைக்கோ மணலில் புதைந்து நின்றுவிடும். பதநீர் இறக்காத மாதங்களில் பனையேறிகள் பதநீர் காய்ச்சும் குடிசைகளான விடிலிகள் காலியாகக் கிடக்கும். ஒரு ராத்திரி அங்கே ஒளியலாம், ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? அங்கேதான் ஆச்சி வீட்டு விளக்கு தெரிகிறது.

இப்போது கதவு. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரச் செய்வார்கள். அது ஒரு நிமிட அதிர்ச்சி, அதோடு சரி. ஆச்சி தானே திறந்தால் அந்த வலி படம் முடியும்வரை போகாது. காதலர்களை வைப்பதன் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். தனியாக ஒரு ஆண் அந்த நேரத்தில் வந்து தண்ணீர் கேட்டால் ஆச்சி கம்பிக் கதவுக்குப் பின்னால் இருந்தே டம்ளரை நீட்டுவாள், திறக்க மாட்டாள். கூட ஒரு பெண் நிற்கிறாள், கால் வீங்கியிருக்கிறது, கழுத்தில் கயிறு கிடக்கிறது. திறந்துவிடுவாள். அந்தக் கயிறு நிஜமா, வழியில் ஒரு பெட்டிக் கடையில் வாங்கிக் கட்டியதா என்பது பார்க்கிற நமக்குத் தெரிந்திருந்து ஆச்சிக்குத் தெரியாமல் இருந்தால், அவள் சோறு போடுகிற ஒவ்வொரு நொடியும் நமக்கு நெஞ்சு அடைக்கும். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்வையாளருக்குத் தெரிவது, சஸ்பென்ஸ் என்பதற்கு இவ்வளவுதான் பொருள். திடுக்கிட வைப்பது வேறு சரக்கு.

கயிற்றில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது, கதை எழுதுகிறவர்களுக்கு உதவும். குற்றவாளி என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்து ஒளித்து வைப்பது நம் நாட்டில் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ஆனால் கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ ஒளித்து வைத்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. காதலிக்கு அந்த விலக்கு கிடையாது. உடனே கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து செய்த செயலுக்கும் கொலை போன்ற சில குற்றங்கள் தவிர மற்றவற்றில் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதனால் கத்தி முனையில் "இங்க யாரும் வரலையே" என்று போலீஸ்காரரிடம் சொன்ன ஆச்சி குற்றவாளி ஆக மாட்டாள். ஆனால் கத்தி கீழே வைக்கப்பட்ட பிறகும், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து இரங்கி அதே பொய்யைச் சொன்னால்? அப்படி ஒரு காட்சியை எழுத முடிந்தவர் நல்ல எழுத்தாளர்.

வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. இனிமேல் கவனிக்க வேண்டியது, இந்த நிமிடத்தில் வீடு யார் கையில் இருக்கிறது என்பதை. துப்பாக்கி யாரிடம் என்பதை வைத்து அதை முடிவு செய்துவிட முடியாது. அவனிடம் ஆயுதம் இருக்கலாம். தீப்பெட்டி எங்கே இருக்கிறது, எந்தப் படி முனகும், தட்டட்டி என்கிற மொட்டைமாடிக் கதவுத் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் இழுத்துத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் ஆச்சிக்குத்தான் தெரியும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் வாசலில் இருந்து பார்த்தால் புறவாசல் வரை நேராகத் தெரியும். தார்சா, பட்டாசல், அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒளிய இடமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் பட்டாசலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அரங்கு இருக்கிறது. நெல்லும் கருப்பட்டியும் பித்தளைப் பாத்திரமும் அடைந்து கிடக்கும் இருட்டறை. பகலிலேயே கையால் தடவித்தான் உள்ளே போக வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் அந்த அரங்குக்குள் ஆச்சியும் அவனும் நின்றால் வீடு யார் கையில்? 1967-இல் வந்த 'வெய்ட் அன்டில் டார்க்' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பார்வையில்லாத பெண்ணாக நடித்து, வீட்டு பல்புகளை எல்லாம் உடைத்து எதிரியையும் தன் இருட்டுக்குள் இழுத்துவிடுவார்; ஃப்ரிட்ஜுக்குள் ஒரு விளக்கு இருப்பதை மட்டும் மறந்திருப்பார். வீடு தெரிந்தவளுக்கே வீடு ஒரு இடத்தில் கை விரித்துவிடும். அருமையான யோசனை. தமிழில் 2019-இல் அஷ்வின் சரவணன் இயக்கி டாப்ஸி நடித்த 'கேம் ஓவர்' படமும் வீட்டுக்குள்ளேயே, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பெண்ணை வைத்து இந்தப் பயத்தைக் கட்டியது.

தனி வீடு என்றதும் காட்டு பங்களா நினைவுக்கு வரும். மாஞ்சோலை மாதிரி மலை எஸ்டேட்டில் கதையை வைக்கலாம், தப்பில்லை. ஆனால் எங்கள் பக்கம் வேறு ஒரு தனிமை இருக்கிறது. பம்பாயிலும் சென்னையிலும் துபாயிலும் சம்பாதித்தவர்கள் ஊரில் கட்டிய பெரிய பெரிய வீடுகள். சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், உள்ளே எழுபது வயதில் ஒரு ஆச்சி, அல்லது தாத்தாவும் ஆச்சியும். மேல் மாடி அறைகளைப் பொங்கலுக்கும் கோயில் கொடை விழாவுக்கும்தான் திறப்பார்கள். ஊருக்கு நடுவில் இருந்தாலும் அது தனி வீடுதான். தூரத்தை வைத்து மட்டும் தனிமையை அளக்கக் கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

யாராவது வரத்தான் செய்வார்கள். வெளியாள் வந்து கதவு தட்டும் காட்சி இந்த வகையில் கட்டாயம் உண்டு. வெளிநாட்டுப் படங்களில் மணி அடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவ்வளவு நேரத்தில் கத்தியை மறைத்து, ரத்தத்தைத் துடைத்து, சிரித்தபடி கதவைத் திறந்துவிடலாம். நம் ஊரில் பக்கத்து வீட்டு மதினி புறவாசல் வழியாக "என்ன அத்தே, விளக்கு வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் வந்து நிற்பாள். எழுதுகிறவருக்கு இது தொந்தரவு மாதிரி தெரியும், உண்மையில் புதையல். அவள் வந்து ஒரு கை உப்பு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வைத்த பிறகு உப்பு வெளியே கொடுக்க மாட்டார்கள், ஆச்சி அதில் கண்டிப்பு. அன்றைக்கு மட்டும் பேசாமல் அள்ளிக் கொடுத்து, "கொண்டு போ தாயி" என்று சொல்கிறாள். கதவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது, அவன் வேறு ஊர்க்காரன். மதினி கையில் உப்போடு புறவாசல் படியில் ஒரு நொடி நிற்கிறாள். அந்த நொடிக்காக நான் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்ப்பேன்.

கிரிஃபித் காலத்து டெலிபோன் கம்பிக்கு இன்றைக்கு எது பதில் என்று கேட்பவர்களுக்கு: பம்பாயில் இருந்து மகள் தினமும் ஏழு மணிக்குப் போன் பண்ணுவாள். எடுக்காவிட்டால் அடுத்த போன் பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் அவன் ஆச்சியை எடுத்துப் பேச வைத்தே ஆக வேண்டும், ஸ்பீக்கரில், தன் கண் முன்னால். ஆச்சி எல்லாம் சரியாகப் பேசிவிட்டு, "வச்சுருதேன்ளா, தாத்தாவுக்குக் காப்பி போடணும்" என்கிறாள். தாத்தா இறந்து ஆறு வருஷம்.

இப்படிப்பட்ட படங்களில் பாதிக்கு மேல் ஒரு திருப்பம் வரும். வீட்டுக்காரருக்கும் வந்தவர்களுக்கும் நடுவே ஒரு ஒட்டுதல் உண்டாகும். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பிணைக்கைதிகளாக இருந்துவிட்டு, பிடித்தவர்கள் மேல் பரிவோடு பேசியதில் இருந்துதான் ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் என்ற பெயர் வந்தது. எதற்கெடுத்தாலும் இந்தப் பெயரைச் சொல்லிக் கதையை முடித்துவிடாதீர்கள். ஆச்சி அந்தப் பெண்ணுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள் என்றால் அதற்குப் பெயர் நோய் இல்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை என்று அவள் கை பழகியிருக்கிறது. அதையே பிழைக்கும் வழியாகவும் அவள் பயன்படுத்தக் கூடும். அவர்கள் இருவரில் யார் முதலில் கலங்குவார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கம் ஒரு வாய் சோறு கூட வைப்பாள். காதலர்களுக்குள் விரிசல் எப்போதும் வெளியில் இருந்து வருகிற போலீசால் வராது, அந்த வீட்டைப் பார்த்துதான் வரும். சுவரில் கல்யாண போட்டோ, முற்றத்தில் காயும் வத்தல், நாற்பது வருஷம் ஒரே அடுப்பு. தனக்கு இப்படி ஒன்று எப்போதாவது கிடைக்குமா என்று அந்தப் பெண் நினைக்க ஆரம்பித்தால் அவனுடைய திட்டம் அங்கேயே உடைய ஆரம்பித்துவிட்டது.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும், இதில் எனக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டு. எங்கள் சீமையில் வீட்டை விட்டு ஓடிவருகிற ஜோடிகளில் பெரும்பாலானவர்கள் கொள்ளையடித்துவிட்டு வருகிறவர்கள் கிடையாது. வேறு சாதியில் காதலித்ததற்காகச் சொந்த வீட்டாருக்குப் பயந்து ஓடுகிறவர்கள். போலீஸைப் பார்த்து ஓடாமல் பாதுகாப்பு கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கே ஓடுகிறவர்கள். ஆணவக் கொலைகள் இந்தத் தாமிரபரணிக் கரையில் நடந்திருக்கின்றன, நடக்கின்றன. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில், இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொன்னது. அந்த நிலைமையில், வாசலில் வந்து நிற்கும் ஜோடி என்றாலே ஆபத்து என்று ஒரு படம் சொல்லிக்கொடுத்தால் அதனால் நிஜத்தில் ஒரு கதவு மூடப்படலாம். அதற்காக இந்த வகையில் படமே எடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். இங்கே கதையை வைக்கிறவர் அந்த இரண்டு ஜோடிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். ஆச்சி திறந்தது தப்பு என்று படம் சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். திறந்தது சரிதான், வந்தவன் செய்ததுதான் தப்பு.

முடிவுகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று, ஜீப் வந்து நின்றதும் படத்தை முடித்துவிடுவது. காதலர்களுக்கு என்ன ஆகும் என்பது கிட்டத்தட்ட முதல் காட்சியிலேயே தெரிந்ததுதான். ஒருவர் சாவார், அல்லது இருவரும், அல்லது ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுப்பார். வீட்டுக்கு என்ன ஆனது என்பதுதான் தெரியாதது. போலீஸ் சாட்சி எழுதி வாங்கிக்கொண்டு போன பிறகு, மகள் பம்பாயில் இருந்து வந்து நான்கு நாள் இருந்து, கேமரா மாட்டிவிட்டுத் திரும்பிப் போன பிறகு, தார்சாவில் மறுபடியும் செம்மண் படிந்த பிறகு, இன்னொரு சாயங்காலம் யாரோ வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறார்கள். ஆச்சி டம்ளரோடு வந்து எந்தப் பக்கம் நின்று நீட்டுகிறாள் என்பதைக் காட்டாத படம் எனக்குக் குறைப்படம்தான்.